நாலு பேர், அஞ்சு தட்டு

“அந்த அஞ்சாவது தட்ட எதுக்குத் தம்பி கழுவுனாங்க?”

டேப்பக்கா வேலைக்கு வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டாள். கைப்பையைக்கூட இன்னும் ஆணியில் மாட்டவில்லை. மிளகாய் அரைத்த கையால் தேய்த்தது போலக் கண் இரண்டும் சிவந்திருந்தன.

எழுத்துக்கூட்டி என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் அட்டைப்பெட்டியை விரித்தபடி, “எனக்கு எப்படிக்கா தெரியும்? தாள்ல அவ்வளவுதான் இருந்துச்சு” என்றான்.

“தெரியாததயெல்லாம் எதுக்கு அடுத்தவங்களுக்குப் படிச்சுக் காட்டுற? ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. எங்க வீட்டுல மூணே பேரு. தட்டு நாலு இருக்கு. இத்தன வருஷமா இருக்கு, ஒரு நாளும் எண்ணிப் பாத்ததில்ல. நேத்து எண்ணிட்டேன்.”

“எண்ணி?”

“நாலாவதத் தூக்கிப் பரண் மேல போட்டுட்டேன்.”

“அதான் போட்டுட்டீங்கல்ல, அப்புறம் என்ன?”

“இப்ப அது பரண் மேல இருக்குன்னு தெரியுதே! முன்னாடி தெரியாம இருந்துச்சு.”

அது நாற்காலித் தொழிற்சாலையின் பொதி கட்டும் கொட்டகை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் இரும்புக்கால் நாற்காலிகள். பெட்டிக்கு நாலு. நாலுக்கு நடுவே பழைய தாளைப் பந்தாகச் சுருட்டித் திணிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியில் போகும்போதே ஒன்றையொன்று கீறிக்கொள்ளும். தாள் பழைய பேப்பர்க் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். முழுத்தாளைச் சுருட்டினால் பந்து பெரிதாகிவிடும் என்று, டேப்பக்கா ஒவ்வொரு தாளையும் குறுக்கே ஒரே கிழி கிழித்து, மேல் பாதியை இந்தப் பக்கமும் கீழ்ப் பாதியை அந்தப் பக்கமும் போடுவாள். பெட்டிக்கு டேப் ஒட்டுவதும் அவள்தான். இருபது வருஷப் பழக்கத்தில் அவள் கைக்குத் தாள், டேப் இரண்டைத் தவிர வேறெதுவும் தெரியாது.

எழுத்துக்கூட்டி அந்த மேசைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் இருபத்து மூன்று வருஷம் வாசல் மேடையில் இரும்புக் குழாய்க் கட்டு இறக்கினான். ஒரு நாள் இறக்கிவிட்டு நிமிர்ந்தான், முதுகு நிமிரவில்லை. “இனிமே பாரம் தூக்கினா படுத்த படுக்கைதான்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொதி மேசையில் பாரம் கிடையாது. ஆனால் பெட்டியின் மேல் சீட்டு ஒட்ட விலாசம் வாசிக்கத் தெரிய வேண்டும். அதற்காக நாற்பத்தைந்து வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தான். பிழைப்புக்காகப் படித்த எழுத்து, வந்த பிறகு சும்மா இருக்கவில்லை. புதிதாக நீச்சல் கற்றவன் குட்டையைக் கண்டாலும் இறங்குவான் என்பது போல, கையில் கிடைத்த ஒரு தாளையும் அவன் படிக்காமல் சுருட்டுவதில்லை. ஒவ்வொரு எழுத்தாக உதட்டில் உருட்டி உருட்டித்தான் படிப்பான். பெயர் அப்படி வந்ததுதான்.

போன வெள்ளிக்கிழமை அவன் பக்கம் விழுந்த ஒரு மேல் பாதியில் இப்படி இருந்தது:

‘ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலிகள் இருந்தன. தினமும் ஐந்து தட்டுகள் வைத்தார்கள். நான்கு பேர் சாப்பிட்டார்கள். ஐந்து தட்டுகளையும் கழுவி வைத்தார்கள். ஆறு நாள் இப்படியே போயிற்று.’

அத்தோடு தாள் கிழிந்திருந்தது.

கை நாற்காலியை அடுக்கிக்கொண்டிருக்க, வாய் எழுத்தை அடுக்கிக்கொண்டிருந்தது. படித்து முடித்தபோது எழுத்துக்கூட்டிக்குப் பிடரியில் யாரோ மெல்ல ஊதியது போல இருந்தது.

“அக்கா, இதோட மறுபாதி எங்க?”

“அந்தப் பக்கம் போட்டேன். சுருட்டி எந்தப் பெட்டிக்குள்ள போச்சோ, யாரு கண்டா?”

அவன் அந்த அரைத்தாளை மட்டும் சுருட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், சும்மா இருக்க மாட்டாமல் எல்லோருக்கும் படித்துக் காட்டினான்.

“அவ்வளவுதானா?” என்றான் சரக்கு ஏற்றிப் போகும் வேன்காரன். “பேய் எங்கண்ணே?”

“பேய் இல்ல.”

“வெட்டுக்குத்து?”

“இல்ல.”

“ஒரு சொட்டு ரத்தம்?”

“மூக்குல கூட வடியல.”

“இதெல்லாம் ஒரு கதையா! ஆறு பேர ரம்பத்தால அறுக்கிற படத்தப் பாத்துக்கிட்டே சோறு திங்கிறவண்ணே நானு” என்று சொல்லிக்கொண்டே வேன்காரன் ஒரு வாய் எடுத்தான். எடுத்த வாய் பாதியில் நின்றது. அவன் பெஞ்சைப் பார்த்தான். பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவதாக ஒருவருக்கு இடம் இருந்தது.

டேப்பக்கா தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை மெதுவாக நகர்த்தி அந்த இடத்தில் வைத்தாள்.

மறுநாள்தான் டேப்பக்கா சிவந்த கண்ணோடு வந்தது. அவள் பின்னாலேயே வேன்காரனும் வந்தான்.

“அண்ணே, நல்லா இருப்பீங்களா நீங்க? பன்னெண்டு வருஷமா தனியா வேன் ஓட்டுறேன். பக்கத்து சீட்டு காலியா இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

“அதுல எதயாச்சும் வையேன்டா.”

“வச்சேனே! என் துணிப்பைய வச்சேன். அது திருப்பத்துல எல்லாம் என் மேல சாயுதுண்ணே.”

நம்மால் வந்த வினையை நாமே தீர்ப்போம் என்று எழுத்துக்கூட்டி நினைத்தான். கதைக்கு ஒரு முடிவைச் சொல்லிவிட்டால் போச்சு.

“ஒண்ணுமில்லக்கா. அந்த அஞ்சாவது நாற்காலி விருந்தாளிக்கு. யாராச்சும் வந்தா உக்காரணும்ல?”

டேப்பக்கா முகம் தெளிந்தது. “அட, ஆமா! விருந்தாளிக்கு.” இரண்டு பெட்டி ஒட்டினாள். மூன்றாவது பெட்டியில் கை நின்றது. “வந்தாங்களா?”

“யாரு?”

“விருந்தாளி.”

“வரலன்னுதான் நெனைக்கிறேன். நாலு பேருதானே சாப்பிட்டாங்க.”

“வராதவனுக்கா ஆறு நாளும் தட்டு கழுவுனாங்க?”

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் சொன்னான். அவள் காய்ந்த துணியை மடித்தபடி, “இதுக்கா இவ்வளவு? அஞ்சாவது நாற்காலி துணி போட. நம்ம வீட்டுல இல்லையா என்ன? உலகத்துல எல்லா வீட்டுலயும் ஒரு நாற்காலி துணிக்குத்தான்” என்றாள்.

எழுத்துக்கூட்டிக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொன்ன புத்தி எதுவும் வீண் போனதில்லை. காலையில் எழுந்து பார்த்தால், மூலை நாற்காலியில் அவனுடைய சட்டையும் கால்சட்டையும் சேர்ந்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. அந்தச் சட்டையை எடுத்து மாட்டுவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கொட்டகையில் அதைச் சொன்னதும் டேப்பக்கா ஒரே கேள்விதான் கேட்டாள். “துணிக்கு எதுக்குத் தம்பி தட்டு?”

“சரிக்கா, அது பக்கத்து வீட்டுக்காரனோட நாற்காலி. இரவல் வாங்கியிருக்காங்க.”

“இரவல்னா அவன் வந்து கேட்டிருப்பானே?”

“ஊருக்குப் போயிருப்பான்.”

“எத்தன நாளா?”

டேப்பக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “அதான் பக்கத்து வீட்டுல வெளக்கே எரியல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த விளக்கு தாளில் எங்கேயும் இல்லை. அவளாகவே அணைத்தது.

கடைசியில் வேன்காரன்தான் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். “அண்ணே, கால்ல வேணா விழறேன். அதுல ஒரு கொலையப் போட்டுடுங்க. மனசு நிம்மதியாயிடும்.”

“கொலையா?”

“நல்லா ரத்தம் தெறிக்கிற மாதிரி. போலீஸ் வந்து பிடிச்சுட்டுப் போயிடட்டும். நானும் சாப்பிட்டுத் தூங்குவேன்.”

எழுத்துக்கூட்டி போட்டான். ஐந்தாவது ஆளை நாலு பேரும் சேர்ந்து வெட்டிவிட்டார்கள், போலீஸ் வந்தது, விலங்கு மாட்டியது. கொட்டகையே பெருமூச்சு விட்டது. வேன்காரன் பாட்டுப் பாடிக்கொண்டே சரக்கு ஏற்றினான். அரை மணி நேரம் எல்லாம் சுகமாக நடந்தது.

பிறகு டேப்பக்கா டேப் ரீலைக் கீழே வைத்தாள். “வெட்டுனது சரி. வெட்டுன பிறகும் எதுக்கு அவனுக்குத் தட்டு வச்சாங்க?”

வேன்காரன் வேனிலிருந்து இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

எழுத்துக்கூட்டிக்கே இது வியப்பாக இருந்தது. பெரிய பயம் பாரம் மாதிரி. எவ்வளவு கனமானாலும் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இது செருப்புக்குள் போன பொடிக்கல். கனமே இல்லை, ஆனால் வீடு வரைக்கும் கூட வருகிறது. அதைவிட வியப்பு, அவனை வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள் எல்லோரும் மதியம் மணி அடித்ததும் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “எங்க, அந்தத் தாள எடு. இன்னொரு தடவ படி” என்றார்கள்.

இதற்குள் வேலை கெட்டுவிட்டது. யாருக்கும் நாலு மேல் நம்பிக்கை இல்லை. ஒட்டின பெட்டியைப் பிரித்து எண்ணினார்கள். எண்ணிய பெட்டியை இன்னொருவரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார்கள். நாளுக்கு நூற்றிருபது பெட்டி போன கொட்டகையிலிருந்து புதன்கிழமை ஐம்பத்தெட்டு போனது.

வியாழக்கிழமை காலை சூப்பர்வைசர் வந்தார். வயதில் சின்னவர். குரல் மட்டும் பெரியது.

“யோவ் எழுத்துக்கூட்டி, நீ கதை சொன்னியா?”

“சொன்னேன் சார். சின்னக் கதைதான்.”

“உன் மேசையிலேருந்து போன வெள்ளிக்கிழமை கட்டின பெட்டி ஒண்ணுல மூணு நாற்காலிதான் இருந்துச்சாம். வாங்கினவன் போன்ல காது கிழியக் கத்துறான். மூணுன்னா, இன்னொரு பெட்டில எத்தன போயிருக்கும்?”

எழுத்துக்கூட்டிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை. கை நாற்காலியை அடுக்க, வாய் எழுத்தை அடுக்கிய நேரம். அவன் அந்த எண்ணை வாயால் சொல்லவில்லை. டேப்பக்கா சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அஞ்சுதான்!” என்றார் சூப்பர்வைசர். “அடுத்த பெட்டி போன விலாசத்த எடுத்து நானும் போன் பண்ணேன். ‘நாற்காலி விஷயமா’ன்னு சொன்னதும் வச்சுட்டாங்க. மறுபடி அடிச்சேன். ‘வீட்டுல யாரும் இல்ல’ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. யாரும் இல்லன்னா போன எடுத்தது யாரு? திருட்டுக் கும்பல்யா! ஓசில வந்த நாற்காலிய அமுக்கப் பாக்குறாங்க. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள அந்த நாற்காலி இங்க வரணும். இந்தக் கதைப் பைத்தியமும் தெளியணும். ரெண்டுல ஒண்ணு நடக்கலன்னாலும் நீ மறுபடி வாசல் மேடைக்குத்தான். குழாய் இறக்கு.”

எழுத்துக்கூட்டியின் கை தானாக முதுகைத் தொட்டுக்கொண்டது. டாக்டர் சொன்னது காதில் கேட்டது. மேடைக்குப் போனால் ஒரு மாதம் தாங்கும். அதற்கப்புறம் வீட்டு மூலை நாற்காலியில் துணிக்குப் பதிலாக அவன்தான்.

அன்று மாலை நேராக வகுப்புக்குப் போனான். வகுப்பு டீச்சர் சின்னப் பெண்தான், ஆனால் எழுத்து விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். அரைத்தாளை நீட்டினான். அவள் ஒரு பார்வை பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஐயா, இது கதையே இல்ல. பள்ளிக்கூடக் கணக்கு! நாள் ஒண்ணுக்கு அஞ்சு தட்டு, ஆறு நாள். மொத்தம் எத்தன தட்டு கழுவினாங்க? கேள்வி கிழிஞ்ச பாதியில இருக்கும். விடை முப்பது.”

“முப்பதா?”

“முப்பது. போய் நிம்மதியா இருங்க.”

எழுத்துக்கூட்டிக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது! அவ்வளவுதானா? இதற்கா நாலு நாளாக ஒரு கொட்டகையே சோறு தண்ணி இறங்காமல் கிடந்தது? கும்பிட்டுவிட்டு வாசல் வரை போனான்.

“ஐயா” என்று டீச்சர் கூப்பிட்டாள். அவள் இன்னும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போயிருந்தது. “கணக்குன்னா, நாலு பேர் சாப்பிட்டாங்கங்கிறத எதுக்குச் சொல்லணும்? அது விடைக்குத் தேவையில்லையே.”

“டீச்சர், நீங்களுமா?”

“இல்ல, இல்ல. முப்பதுதான். நீங்க போங்க.” அவள் வகுப்பறை நாற்காலிகளை மெதுவாக எண்ணத் தொடங்கியதை அவன் பார்க்காதது போல வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகையில், “கணக்குதான், விடை முப்பது” என்று அறிவித்தான். டீச்சர் கடைசியில் கேட்டதை மட்டும் விழுங்கிவிட்டான். படித்தவள் வாக்கு, எல்லோரும் நம்பினார்கள். நம்பியதோடு கொஞ்சம் வாடியும் போனார்கள். மதியம் யாரும் தாளை எடுக்கச் சொல்லவில்லை. டேப்பக்கா மட்டும், “கணக்குன்னு தெரியாமலே இருந்திருக்கலாம்” என்றாள். பெட்டிகள் மளமளவென்று கிளம்பின.

ஒன்று தெளிந்துவிட்டது. இனி நாற்காலி ஒன்றுதான் பாக்கி. சாயந்திரம் வேன்காரன் அவனை ஏற்றிக்கொண்டு போனான். துணிப்பை இப்போது பின்னால் கிடந்தது, முன் சீட்டு எழுத்துக்கூட்டிக்கு.

ஒரு சின்ன மாடி வீட்டின் முன்னால் வேன் நின்றது.

“இதாண்ணே. சனிக்கிழமை நான்தான் எறக்கினேன். நல்ல மனுஷங்கதான், குடிக்கத் தண்ணியெல்லாம் குடுத்தாங்க.”

“நீயும் வாயேன்டா.”

“நானா? கணக்குதான்னு தெரியும்ணே. இருந்தாலும் நீங்களே போயிட்டு வாங்க.”

எழுத்துக்கூட்டி படியேறினான். பயம் ஒன்றும் இல்லை. விடை முப்பது. திருட்டுக் கும்பலாக இருந்தால் என்ன பேசுவது என்பதுதான் யோசனை. அதட்டக் கூடாது, பணிந்தும் போகக் கூடாது. நிதானமாக, வார்த்தை தெளிவாகச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை எழுத்துக் கூட்டுவது போலவே மனதுக்குள் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

கதவைத் தட்டினான். உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்தார். கண்ணாடி போட்ட, சாதுவான ஆள். திருடன் மாதிரி இல்லை.

எழுத்துக்கூட்டி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான்: “உங்க வீட்டுல அஞ்சாவதா ஒரு நாற்காலி இருக்கு. அது உங்களோடது இல்ல. அதக் கேட்டுத்தான் வந்திருக்கேன்.”

வீட்டுக்காரர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போயிற்று. கதவு அவர் கையிலிருந்து நழுவித் தானாகத் திறந்துகொண்டது.

உள்ளே சாப்பாட்டு மேசை. எண்ணக் கூடாது என்று எழுத்துக்கூட்டி நினைத்தான், எண்ணிவிட்டான். மேசையில் இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூட உடுப்போடு. வாசலில் இவர். சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம், அது வீட்டுக்காரம்மாவாக இருக்க வேண்டும். நாலு பேர். மேசையைச் சுற்றி நாற்காலி ஐந்து.

“விடை முப்பது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

“என்னது?” என்றார் வீட்டுக்காரர், குரலே இல்லாமல்.

“ஒண்ணுமில்லங்க. நாற்காலி.”

வீட்டுக்காரர் அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு திரும்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். உதடு அசைந்தது. சனியிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பெரிய பிள்ளை சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் இறங்கியது. சின்னதும் பின்னாலேயே இறங்கியது.

வளர்ந்த ஆண்கள் இருவரும் வாசலின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக, ஒருவரைப் பார்த்து ஒருவர் வெலவெலத்து நின்றார்கள்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. வீட்டுக்காரம்மா தட்டைத் துடைத்தபடி உள்ளிருந்தே சிரித்துக்கொண்டு கேட்டாள்:

“யாருங்க வாசல்ல? ‘ஏழாம் நாள் ஐந்தாவது நாற்காலியைக் கேட்டு ஒருவன் வந்தான்’னு பெட்டிக்குள்ள இருந்த அரைத்தாள்ல போட்டிருந்துச்சே, அவனா?”